பேச்சுக்கு இரண்டு புள்ளி

அந்தப் பக்கங்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்தது நான்தான். பிடுங்கிப் பார்க்க வேண்டாம், கிழிந்துவிடும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த விதிப் புத்தகம், அதற்கு மேல் தாங்காது. ஆனால் வந்து உட்கார்ந்த முதல் நாளே அதைப் பற்றிக் கேட்ட ஆள் நீங்கள்தான். பேங்க்காரர்களுக்குக் கண் கூர்மை என்று சொல்வது சரிதான். நம்மோடு ஆடுகிற பாரியின் லோடு ஆட்டோ வேப்பூர் போயிருக்கிறது, சந்திரலேகாவும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாள். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம். அந்தப் பெட்டியில் மட்டும் சாய வேண்டாம், உள்ளே பீங்கான் ஃபியூஸ் கேரியர் அடுக்கியிருக்கிறது.

பின் அடித்த பக்கங்களில் இருப்பது நிரந்தரப் பொருட்களின் விதி. நீங்கள் புதிது என்பதால் அடியிலிருந்து சொல்கிறேன். இது கதை சொல்லி ஆடுகிற ஆட்டம். கதையை நடத்துகிறவன் நான். குருமூர்த்தி என்ற பெயரை மறந்து எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு வீரனோ மந்திரக்காரியோ உண்டு. அந்த ஆளுக்கு ஆறு திறன்கள்: பலம், வேகம், தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், பேச்சு. கடைசித் திறனை இங்கிலீஷில் ஆளை இழுக்கும் கவர்ச்சி என்கிற மாதிரி போட்டிருந்தது. மொழிபெயர்த்தவன் நான், பேச்சு என்று வைத்துவிட்டேன். விருத்தாசலத்தில் பேச்சு இல்லாமல் யாரும் யாரையும் இழுத்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. பத்து என்றால் சாதாரண மனிதன், இருபது உச்சவரம்பு.

மந்திரப் பொருட்களில் இரண்டு வகை. முதல் வகை, உடம்பில் இருக்கும் வரைக்கும் வேலை செய்யும். பெல்ட்டைக் கட்டினால் பலம் ஏறும், கழற்றினால் இறங்கும். அதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆள் ரொம்ப ஆடினால் பெல்ட்டை அடிக்க ஒரு திருடனை அனுப்பிவிடலாம். இரண்டாவது வகைதான் வம்பு. ஒரு நூல் கிடைக்கும். அதை உட்கார்ந்து படித்து முடித்தால் ஏதோ ஒரு திறன் இரண்டு புள்ளி ஏறும், கூடவே அந்தத் திறனின் உச்சவரம்பும் ஏறும். பிறகு அந்த நூல் வெறும் தாள், வேறு யாருக்கும் உதவாது. படித்தவனுக்கு ஏறியது ஏறியதுதான், மாஸ்டரே நினைத்தாலும் இறக்க முடியாது. அப்படி ஒரு விதியை எழுதியவர் எந்தக் காலத்திலும் ஆட்டம் நடத்தியிருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

வெளியூர்களில் இந்தப் புள்ளிகளை எல்லாம் தாளில் பென்சிலால் எழுதிக்கொள்வார்களாம். பீங்கான் யூனிட்டில் வேலை பார்க்கிற எங்களுக்கு மண்ணுக்கா பஞ்சம். உள்ளங்கை அகலத்துக்கு ஆளுக்கொரு மண் வில்லை, அதில் ஊசியால் ஆறு எண்கள். பச்சையாக இருக்கும் வரை ஈர விரலால் தேய்த்துவிட்டு வேறு எண் போடலாம். தற்காலிகமான சங்கதிக்கெல்லாம் அது போதும். நிரந்தரம் என்றால் மட்டும் சரக்கோடு சரக்காக வில்லையையும் சூளையில் ஏற்றிச் சுட்டுவிடுவோம். சுட்ட மண் திரும்பப் பச்சை ஆகாது இல்லையா, அதனால். வில்லை முழுசாக இருக்கும் வரை வரம் உண்டு, உடைந்தால் போச்சு என்று நானும் ஒரு விதியைச் சேர்த்தேன். அன்றைக்கு எல்லாரும் ஆஹா என்றார்கள்.

அப்படிச் சுட்ட வில்லை வாங்கிய முதல் ஆள் கோகுலகிருஷ்ணன். கடைசி ஆளும் அவன்தான்.

கோகுலும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். அவனுக்குத் திக்குவாய் கிடையாது, காதும் நன்றாகக் கேட்கும். வாயைத் திறப்பதற்கு முன்னால் யோசிப்பான். அவன் யோசித்து முடிப்பதற்குள் மற்றவர்கள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அவ்வளவுதான் அவன் வியாதி. பள்ளிக்கூடத்தில் அவன் பெயரைக் கூப்பிட்டால் நான்தான் 'உள்ளேன் ஐயா' சொல்வேன். பழக்க தோஷத்தில் அவன் லீவு போட்ட அன்றும் சொல்லி அடி வாங்கினேன். பஸ்ஸில் அவனுக்கு டிக்கெட் கேட்டது நான். சலூனில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொன்னது நான். இந்த யூனிட்டில் மோல்டு, அதாவது அச்சு, எடுக்கும் வேலைக்கு முதலாளியிடம் பேசிச் சேர்த்துவிட்டதும் நான். நான் கிளேஸ் ரூமில், சரக்குக்குப் பளபளப்புப் பூசுகிற இடத்தில், சூப்பர்வைசர். அவன் பிளாஸ்டர் கலந்து மோல்டு எடுப்பவன், இந்த வட்டாரத்தில் அவன் கைக்கு ஈடு கிடையாது. வாய்க்கு நான் இருந்தேன், ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

ஆட்டத்தில் அவனுடைய வீரன் பெயர் கருங்கல். பேச்சு ஆறு. பகடை உருட்டித்தான் புள்ளி போட வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. உருட்டியிருந்தால் பத்தோ பன்னிரண்டோ விழுந்து தொலைத்திருக்கும். அவனுக்கு எதற்கு அந்தக் கஷ்டம் என்று ஆறை நானே போட்டுக் கொடுத்தேன்.

போன ஆடியில் கதை ஒரு பாழுங்கோட்டைக்குள் போனது. அங்கே தேன்நாவு நூல் என்று ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன், படித்தால் பேச்சு இரண்டு ஏறும். சந்திரலேகாவின் மந்திரக்காரி எடுத்துக்கொள்வாள் என்று என் கணக்கு. யூனிட்டில் பொம்மைக்குக் கண் எழுதுகிறவள் அவள், அங்கேயும் அவள்தான் அதிகம் பேசுவாள். நூலைக் கையில் எடுத்தவள் கோகுலைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்களுக்குத்தாண்ணா இது வேணும். நீங்களே படிங்க."

கருங்கல் படித்தான். ஆறு எட்டானது. வில்லையைச் சுட்டுக் கையில் கொடுத்தோம். எட்டு என்பது சாதாரண மனிதனுக்கும் இரண்டு கீழே என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் டீக்கடையில் நான் வழக்கம்போல அவனுக்கும் சேர்த்துச் சொல்ல வாயெடுத்தேன். கோகுல் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே வில்லை. "அண்ணே, எனக்குச் சக்கரை கம்மியா போடுங்க" என்றான். இத்தனை வருஷமாக அவனுக்குச் சர்க்கரை தூக்கலாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அவனுக்கு அது பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

அதற்கப்புறம் தினம் ஒன்று. புது பிளாஸ்டர் சரியில்லை என்று முதலாளியிடம் நேராகப் போய்ச் சொன்னான், முதலாளியும் மாற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்டான். கேன்டீனில் ஒரு பாட்டுக்கு என்ன ராகம் என்று யாருடனோ வாக்குவாதம் பண்ணினான். எட்டுக்கே இந்த ஆட்டம்.

விதிக்குள்ளேயே சரிசெய்யப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு சூனியக்காரியைக் கொண்டுவந்து கருங்கல்லின் நாக்கைக் கட்டினேன். கட்டு அவிழ்ந்ததும் அவன் பேச்சு ஆறுக்குத்தான் திரும்பும் என்று தீர்ப்புச் சொன்னேன். கோகுல் கையைத் தூக்கினான்.

"அது அப்படி இல்லடா குரு. சாபம் தற்காலிகம். நூல் படிச்சு ஏறுனது அடியில அப்படியே இருக்குது. சாபம் போனா எட்டுக்குத்தான் வரணும். புக்க எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. சந்திரலேகா கை தட்டினாள், பாரி விசில் அடித்தான். எனக்கு முகம் செத்துப்போயிற்று, மறைப்பானேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் என்னைப் பார்த்து 'இல்லை' என்று சொன்னது அன்றைக்குத்தான். அதையும் நான் எழுதிக் கொடுத்த இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு சொன்னான்.

பிறகு வெண்பா விஷயம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து பக்கத்து யூனிட் ஆபீஸில் வேலை பார்த்த பெண். இரண்டு பேரும் பழகுகிறார்கள் என்று சந்திரலேகா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கோகுலைப் பிடித்துக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட யார்ரா மொதல்ல பேசுனது?"

"நான்தான்."

"என்னா பேசுன?"

"அதெல்லாம் ஒனக்கு எதுக்குடா" என்று சிரித்தான்.

அன்று சாயங்காலம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் நல்லா இருப்பதில் எனக்கு வருத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் எதைப் பேசினான் என்று எனக்குத் தெரியாதது அதுவே முதல் தடவை. பழக்கமில்லாத காரியம், வலிக்கத்தானே செய்யும்.

வெண்பா அவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அவனே பேச வேண்டும். அவன் அதைச் சந்திரலேகாவிடம் சொன்னான், சந்திரலேகா என்னிடம் சொன்னாள். "வேற யாரையும் அனுப்பக் கூடாதுன்னு கண்டிசனா சொல்லிடுச்சாம்ண்ணா. அவருக்காக எப்பவும் நீங்கதான் பேசுவீங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க போல."

இந்த இடத்தில் நீங்கள் ஒரு மாஸ்டராக இருந்து யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு ஆட்டம் என்றால் சமநிலை முக்கியம். மூன்று பேர் ஒன்றாகப் போகிற கூட்டத்தில் ஒருவன் மட்டும் ஏறிக்கொண்டே போனால் மற்றவர்களுக்கு என்ன வேலை இருக்கும்? நான் மற்றவர்களுக்காகத்தான் யோசித்தேன். பாரிக்கும் சந்திரலேகாவுக்கும் அப்படி ஒன்றும் குறை தெரியவில்லை என்பது வாஸ்தவம். அவர்களுக்கு அந்த அளவுக்கு விதி தெரியாது. போதாததற்கு, கல்யாணம் ஆனவன் ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போவானா, ஆட்டத்துக்கு வருவானா?

அந்த வாரத் தொடக்கத்தில் கோகுலிடம், "வில்லையக் குடுடா, கிளேஸ் போட்டுத் தரேன். பொண்ணு வூட்டுக்குப் போறப்ப பளபளன்னு இருக்கட்டும்" என்றேன். பையை ஒரு கையால் மூடிக்கொண்டு நின்றான். "எங்கிட்டயேவாடா?" என்று கேட்டேன். எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அதை உடைக்கும் எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. ஆட்டக்காரனின் நிரந்தரப் பொருளை மாஸ்டர் தன் இஷ்டத்துக்கு அழிக்கக் கூடாது என்று அந்தப் பக்கங்களிலேயே போட்டிருக்கிறது. விதியை மீறுகிற ஆள் நானில்லை. ஆகவே வில்லையின் மேல் பிளாஸ்டர் ஊற்றி ஒரு மோல்டு எடுத்தேன். அந்த மோல்டில் மண்ணை அழுத்தி அதே மாதிரி இன்னொன்று செய்தேன். அதைச் சுட்டு, கிளேஸும் பூசித் திரும்பச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். மூன்று துண்டாகப் போயிற்று. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் துணியில் மடித்துக் கொண்டுபோய் அவனிடம் நீட்டினேன்.

"கிளேஸ் சூட்டுல வெடிச்சுடுச்சுடா. என்னா பண்றது, மண்ணு."

மண் வேலையில் ஒரு சங்கதி உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சூளையில் ஏறினால் மண் சுருங்கும். சுட்ட பொருளின் மேல் மோல்டு எடுத்து, அதில் மண் வைத்துத் திரும்பச் சுட்டால், சுருங்கியது இன்னொரு தரம் சுருங்கும். அதற்காகத்தான் மோல்டுக்காரர்கள் முதல் மாடலைப் பெரிசாகச் செய்வார்கள். கோகுல் தினம் செய்கிற வேலையே அதுதான். கிளேஸ் ரூமில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

அவன் மூன்று துண்டையும் உள்ளங்கையில் வைத்துச் சேர்த்தான். பழைய வில்லை அவன் உள்ளங்கையை முழுசாக மூடும். இது மூடவில்லை, ஓரத்தில் சுண்டுவிரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. அவன் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான், ரொம்ப நேரம். நானும் நகராமல் நின்றேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அசல் என் வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அவன் கேட்கவில்லை. எங்கள் ஆட்டத்தில் மாஸ்டர் ஒரு தீர்ப்புச் சொன்னால் ஆட்சேபணையை அப்போதே சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் சம்மதம். அவனுடைய சம்மதத்தையும் நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவனை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றான். கை அடிக்கடி சட்டைப் பைக்குப் போனது, அங்கே ஒன்றும் இல்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. ஸ்ரீமுஷ்ணம் பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவன் இறக்கிக்கொண்டான். எனக்குப் பாவமாகப் போயிற்று. நான் ஏறிக்கொண்டேன்.

"நீ ஒண்ணும் கஷ்டப்படாதடா. நான் போயி பேசிட்டு வரேன்."

தலையாட்டினான் என்றுதான் நினைக்கிறேன். பஸ் கிளம்பிவிட்டது, அது ஆடிய ஆட்டத்தில் சரியாகத் தெரியவில்லை.

வெண்பாவின் அப்பா விருத்தகிரி நல்ல மனுஷர். நாற்காலி போட்டு உட்காரவைத்தார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"பையன் வரலீங்களா தம்பி?"

"வரலீங்க. அவனுக்கு நாலு பேரு முன்னாடி பேச வராதுங்க. எங்க போனாலும் கூட ஒரு ஆள் வேணும். தங்கமான பையன், வேலையில சுத்தம். பொண்ணு கொடுக்கிறவங்ககிட்ட எதையும் மறைக்கக் கூடாதில்லீங்களா."

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே யோசித்துப் பாருங்கள். முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் அவன் பேசிக்கொண்டிருந்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. "வெளிப்படையா சொன்னீங்களே தம்பி, ரொம்ப சந்தோசம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வெண்பா காபி கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அவரே வரணும்னு சொல்லியிருந்தேன். ஒங்கள அவருதான் அனுப்புனாருங்களா?"

பஸ் படியிலிருந்து பார்த்த அந்தத் தலையாட்டலை நினைத்துக்கொண்டேன். "ஆமாம்மா" என்றேன். அவள், நான் பாதிதான் குடித்திருந்த டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது கோகுல் பஸ் ஸ்டாண்டில் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. "அவுங்களுக்கு இஷ்டம் இல்லையாம்டா" என்றேன். இந்தத் தடவை தலையாட்டியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அங்கிருந்து நேராக இங்கே வந்தோம். அன்றைக்கு ஆட்டம் அருமையாகப் போயிற்று. ஒரு தீர்ப்புக்குக்கூட எதிர்ப்பு இல்லை. தை மாதத்தில் வெண்பாவுக்கு இங்கே பக்கத்து மங்களூரில் கல்யாணம் ஆனது, வேலையை விட்டுவிட்டாள். அடுத்த வாரமே நான் அந்தப் பக்கங்களுக்குப் பின் அடித்தேன். யாருக்கும் நிரந்தரமாக எதுவும் ஏறாது என்றால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை பாருங்கள்.

அசல் வில்லையா? இதோ, என் சட்டைப் பையில்தான். பீரோவில் வைத்தால் பிள்ளைகள் எடுத்து விளையாடி உடைத்துவிடும், பிறகு விதிப்படி வரம் போய்விடும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பாருங்கள், பேச்சு எட்டு, எழுத்துகூட அழியவில்லை. இந்த மாதிரி விஷயத்தில் எல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இது பையில் இருக்கும்போது எனக்குப் பேச்சு கொஞ்சம் கூடுதலாகத்தான் வருகிறது, இவ்வளவு நேரம் நீங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே.

நீங்கள் யோசிப்பது தெரிகிறது. இதைக் கோகுலிடம் சொல்லலாமா வேண்டாமா என்றுதானே? அந்தக் கவலையே வேண்டாம். அதோ வைக்கோல் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோல்டின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருக்கிறானே, அவன்தான் கோகுல். நீங்கள் உள்ளே வந்ததும் அவனைப் பார்த்து வணக்கம் சொன்னீர்கள், பதில் வணக்கம் நான் சொன்னேன், கவனித்திருக்க மாட்டீர்கள். முதல் வார்த்தையிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். இதுவரை ஒரு ஆட்சேபணை வந்ததா?

சந்தேகம் இருந்தால் அவனையே கேட்டுவிடுங்கள், இப்படி இருப்பதில் அவனுக்குச் சந்தோஷமா இல்லையா என்று. தாராளமாகக் கேளுங்கள், எனக்கென்ன பயம். பாருங்கள், நீங்கள் திரும்பியதுமே கத்தியைக் கீழே வைத்துவிட்டான். எழுந்துகூட நிற்கிறான். வாயைத் திறக்கிறான். இருடா கோகுல், ஒனக்கு எதுக்குச் சிரமம்.

அவன் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறான்.